தார்ப்பாய் போட்ட ஜெனரேட்டர்

என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டுப் பக்கம் அது ஒன்றும் அதிசயமான தொழில் இல்லை. கல்லை விட்டெறிந்தால் லாரி மேலோ போர் போடுகிற ரிக் வண்டி மேலோதான் விழும். அதிசயம் அவர் கடைசியாகக் கட்டிய பாடிதான். பழைய சின்ன லாரி ஒன்றை வாங்கி அதன் முதுகில் ஒரு வீட்டைக் கட்டினார். கட்டில், சமையல் மேடை, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை, பக்கச் சுவரில் ஓர் ஏசி. ‘ஊட்டு வண்டி’ என்று பெயரும் அவரே வைத்தார். லாரியில் இருப்பது போலவே டிரைவர் இடம் தனி, வீடு தனி, நடுவில் தகரச் சுவர். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரோடு பேச வேண்டுமானால் போன்தான் போட வேண்டும்.

அவருக்கு அது வசதியாகப் போயிற்று. பட்டறை வைப்பதற்கு முன் பல வருஷம் லாரி ஓட்டியவர். ஓர் ஊரைத் தாண்டினால் ஓனருக்குப் போன் போட்டுச் சொல்கிற பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இப்போது ஓனர் இல்லை, நான் இருக்கிறேன். சந்தைக்குக் காய் வாங்கப் போனாலும் ‘பாலம் தாண்டிட்டேன்’ என்று போன் வரும். ‘தாண்டினா தாண்டுங்க, எனக்கு எதுக்குங்க?’ என்று நானும் ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். நான் வாய்க்காரி என்பது எங்கள் வீதி முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் மரியாதை தெரிந்த வாய்க்காரி. திட்டும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். தம்மம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத்தான் அவளுக்குக் கரு நின்றது. அந்த மாதங்களில் நான் சாமி கும்பிட்ட மாதிரி வாழ்நாளில் கும்பிட்டதில்லை. எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில் கட்டுச்சோறு விருந்து வைத்து, அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர நாள் குறித்தோம். சரியான கத்திரி வெயில். காலெல்லாம் வீங்கிக் கிடந்தாள். ரொம்ப நேரம் உட்கார வைக்காதீர்கள், வெயில் படாமல் படுக்க வைத்துக் கூட்டிப்போங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

‘பாத்தியா, படுத்துட்டு வாரதுக்கு நம்ம ஊட்டு வண்டி மாதிரி வருமா?’ என்றார் இவர். அவருக்கு அன்று கால் தரையில் படவில்லை.

‘ஊர்ல ஏசி காருக்கா பஞ்சமுங்க?’ என்று கேட்டேன். காதில் வாங்கினால்தானே.

ஒரு சிக்கல் இருந்தது. வண்டியின் பேட்டரியில் விளக்கும் விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. திருவிழாவுக்குப் போகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, பட்டறை ஜெனரேட்டரைத் தள்ளி மரத்தடியில் வைத்து ஓட்டுவோம். இந்தத் தடவை அதையே வண்டியின் பின்பக்கம், கதவுக்குப் பக்கத்தில் வெளியே, இரும்புச் சட்டம் அடித்து ஏற்றிவிட்டார். ‘நின்னா ஓடறது, போறப்ப ஓடாதா?’ என்பது அவர் நியாயம். புகைக்குழல் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. வயரைக் கதவோரம் ஓட்டை போட்டு உள்ளே இழுத்திருந்தார். போகும்போது நான் மட்டும் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு பின்னால் உட்கார்ந்து போனேன். காற்றில் புகை அதுபாட்டுக்குப் பின்னால் போனது. ஒரு குறையும் இல்லை. சத்தம்தான் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

விருந்து நன்றாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மகள் வண்டியில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தியம்மா அவள் தலையில் இன்னும் ஒரு முழம் மல்லிகையைச் செருகிவிட்டு, ‘நிறைமாசப் பொண்ணு, வழியில எங்கியும் நிறுத்தாம நேரா வீட்டுக்குப் போயிடுங்க’ என்று சொல்லி அனுப்பினார்.

முள்ளுக்குறிச்சியில் முதல் போன் வந்தது.

‘அம்மிணி, முள்ளுக்குறிச்சி தாண்டியாச்சு. பாப்பா தூங்குதா?’

‘இந்தச் சத்தத்துல பொணங்கூடத் தூங்காதுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க, போனை வைங்க.’

மகள் சிரித்தாள். சிரித்தபோது வளையலும் சேர்ந்து குலுங்கியது.

நாமகிரிப்பேட்டையை நெருங்கும்போது கொல்லிமலைப் பக்கமிருந்து கோடை மழை இறங்கியது. வண்டி நின்றது. வழியில் நிறுத்தாதே என்று சம்பந்தியம்மா சொன்னதெல்லாம் மழைக்கு முன்னால் நிற்குமா? லாரிக்காரர்களுக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான்: மழை வந்தால் தார்ப்பாய் போடு. நெல்லோ, சிமெண்டோ, முட்டையோ, ஏற்றிய பொருள் நனையக் கூடாது. நடு ராத்திரி தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகக் கயிற்றைத் தேடும். பின்கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டே ஜெனரேட்டருக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி போர்த்தி, மேல் விளிம்பை வண்டிக் கூரையில் மாட்டி, பக்கமெல்லாம் இறுக்கி லாரி முடிச்சுப் போட்டார். அது மூச்சு விட வேண்டுமே என்று வண்டிப் பக்கமாக ஒரு சாண் இடைவெளியும் விட்டார். சாரல் அடிக்காத பக்கம் அது ஒன்றுதான். தன் கைவேலையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு முன்னால் போனார்.

சத்தம் பாதியாகக் குறைந்தது. அடுத்த போனில் அதைத்தான் கேட்டார்.

‘நாமகிரிப்பேட்டை வந்தாச்சு. எப்படி, சத்தம் கொறஞ்சுதா?’

‘இதக் காலையிலயே பண்ணியிருந்தா என் காது தப்பிச்சிருக்குமுங்க’ என்றேன். எனக்கு அது பாராட்டு.

ஏசிக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. லேசாகப் புகை வாசம் வந்தது உண்மைதான். ஆனால் மல்லிகை, புளிச்சோறு, விபூதி என்று ஏற்கெனவே நாலு வாசம் உள்ளே இருந்தது. தவிர, பெட்ரோல் டீசல் வாசமெல்லாம் எங்கள் வீட்டில் சாம்பிராணி மாதிரி. அது இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று தேடுவோம்.

மகள் தலை வலிக்கிறது என்றாள். ‘அத்தன பேர் கண்ணும் உன் மேலதான் சாமி. ஊட்டுக்குப் போனதும் சுத்திப் போடறேன்’ என்றேன். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வருகிறது என்று இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். எனக்கும் தலை கனத்தது. விடியுமுன் எழுந்து ஏழு வகைச் சோறு கிளறியவளுக்குக் கனக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வளையல் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது.

இதற்கு மேல் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன்.

ராசிபுரத்தில் மழை இல்லை. அவர் போன் போட்டிருக்கிறார். வெகு நேரம் அடித்த பிறகு நான் எடுத்திருக்கிறேன்.

‘அம்மிணி, ராசிபுரம் வந்தாச்சு.’

‘சரிங்க.’

அவருக்கு ஒரு மாதிரியாக இருந்ததாம். ஆனாலும் மனுஷனுக்கு ஆசை விட்டதா? சர்க்கரை வியாதிக்காரர். வருஷக்கணக்காக நான் அவரை இனிப்புக் கடை இருக்கிற வீதிக்கே விட்டதில்லை.

‘ஒரு டீ குடிச்சுக்கட்டுமா? சக்கரை போட்டு?’

‘சரிங்க.’

‘ரெண்டு ஜிலேபியும் வாங்கிக்கட்டுமா?’

‘சரிங்க.’

அந்த மூன்றாவது ‘சரிங்க’ வந்ததும்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததாம். பிரேக்கை மிதித்து, சாவியைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடி வந்து தார்ப்பாயைத் தூக்கியிருக்கிறார். அடைத்துக் கிடந்த சூடான புகை முகத்தில் அடித்ததும், அது கதவோர ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போட்ட முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை. தார்ப்பாயைக் கிழித்து எறிந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, கதவைத் திறந்து, முதலில் மகளைத் தூக்கி வெளியே கிடத்தினார். பிறகு என்னை. எனக்கு நினைவு வந்தபோது ரோட்டோரப் புல்லில் கிடந்தேன், யாரோ என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவர், ‘பாப்பா, கண்ணத் தொற சாமி, கண்ணத் தொற சாமி’ என்று கத்திக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

அவள் கண்ணைத் திறந்தாள். ஆனால் என்ன கேட்டாலும் பதில் வரவில்லை. ரோட்டில் போன ஒரு காரை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எங்கள் இருவருக்கும் மூக்கில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். கலர் தெரியாத, நாற்றமும் இல்லாத விஷக்காற்று ஒன்று அந்தப் புகைக்குள் உண்டு, அது ரத்தத்தில் கலந்தால் ஆளை அப்படியே தூங்க வைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் இருக்கிற பிள்ளையை அது இன்னும் சீக்கிரம் பிடிக்குமாம்.

நர்ஸ் ஒரு கருவியை மகளின் வயிற்றில் வைத்துத் தேடினாள். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் கரகர. எந்தச் சாமியை முதலில் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது. தடதடவென்று, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நர்ஸ் சிரித்தாள். நான் முகமூடியோடு ஓவென்று அழுதேன். அதுபோல மனசு விட்டு, சந்தோஷமாக நான் அழுதது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மாப்பிள்ளை கொண்டு வந்த ஏசி காரில் வீட்டுக்கு வந்தோம். சம்பந்தியம்மா போனில், ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க’ என்றார். பெரிய மனசு. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

பேத்தி குறித்த மாதத்தில் பிறந்தாள். பிறந்த உடனே அவள் போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ‘வாய் உன்னாட்டமேதான்’ என்றார் இவர். ஜெனரேட்டர் பட்டறை மூலைக்குத் திரும்பிவிட்டது. ஊட்டு வண்டியில் இப்போதும் கோயிலுக்குப் போகிறோம், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, வேர்த்து வழிய. ஒரு புகாரும் இல்லை.

அன்றைக்கு எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். ‘நீ திட்டலையே’ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன் மட்டும் நின்றபாடில்லை. போன வாரம் தனியாக ஏதோ வேலையாகப் போனவர், ராசிபுரம் தாண்டியதும் கூப்பிட்டார். ‘வேற வேலையே இல்லீங்களா உங்களுக்கு? அடுப்புல பால் பொங்குது, போனை வைங்க’ என்று ஆரம்பித்தேன். முன்பெல்லாம் பாதியிலேயே வைத்துவிடுவார். இப்போது நான் திட்டி முடிக்கும்வரை வைப்பதில்லை.