எண்ணெய்ச் சூடும் சேகர் அண்ணாவின் மங்கி கேப்பும்

வங்கியில் கெஞ்சி வாங்கிய நான்கு நாள் லீவில் மூன்றைப் பனிமூட்டம் தின்றுவிட்டது. தனியாக ஒரு நீண்ட தூரம் பறந்து முடித்தால்தான் விமானி உரிமத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க முடியும். அதற்காக நான்காம் நாளும், ஜனவரி வெள்ளிக்கிழமை, கிளம்பினேன். உற்சாகம் ஒன்றும் இல்லை. அலுத்துப்போயிருந்தேன்.

சாந்த்ராகாச்சி வீட்டிலிருந்து காலை 5.40. பாலம் தாண்டி, தெற்குக் கொல்கத்தாவின் சின்ன விமானத்தளம்வரை 16 கிலோமீட்டர், 50 நிமிடம், கார் வாடகை 430 ரூபாய். பதினோரு டிகிரி. (இமயமலைக்காரர்கள் சிரிக்கலாம். இங்கே ஊரே கம்பளிக்குள் இருந்தது.)

மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி இன்ஜின் எண்ணெயும் குளிரில் கெட்டியாகும். சூடுகாட்டும் ஊசி பச்சைக்கு வரும்வரை இன்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். மெக்கானிக் சேகர் அண்ணா ஹவுராவில் பிறந்த தமிழர். அவரிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் காற்று நுழைகிற துவாரத்தில் தன் மங்கி கேப்பைச் சுருட்டித் திணித்துவிடுவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கைவைத்தியம்.

"தாண்டா லேகே ஜாபேம்மா," என்றார். சளி பிடித்துவிடும் என்று குளிர்காலம் முழுக்க இந்த ஊர் சொல்லும் பாட்டு. "சூடானதும் ஆஃப் பண்ணு, நான் எடுத்து மாட்டிக்கறேன். என் தலைல குல்லாவப் பாத்தாத்தான் நீ கிளம்பணும்."

சூடானது, நிறுத்தினேன். பனிதான் விலகவில்லை. காத்திருந்து சலித்து அண்ணா டீ வாங்கப் போனார். 9.25க்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது: பதினைந்து நிமிடத்தில் கிளம்பாவிட்டால் இன்றைக்கு இல்லை. இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பிவிட்டேன்.

ஓடுபாதை முனையில் விசையைக் கூட்டிப் பார்த்தபோது ஊசி பச்சையைத் தாண்டிச் சிவப்பை நோக்கி ஏறியது. மானிதான் பழுது என்று நம்ப ஆசையாக இருந்தது. திரும்பினால் லீவும் போச்சு, தேர்வும் போச்சு. அப்போதுதான் விமானக் கொட்டகை வாசலில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையரைப் பார்த்தேன். யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. பிப்ரவரிவரை குல்லா இல்லாமல் அந்தத் தலையை யாரும் பார்க்க முடியாது.

இன்ஜினை அணைத்தேன்.

அண்ணா ஓடி வந்தார். திட்டவில்லை; அதுதான் கூடுதலாக வலித்தது. துவாரத்திலிருந்து குல்லாவை உருவி உதறி என் கையில் கொடுத்தார். "போட்டுக்கோம்மா. நல்லா சூடா இருக்கு." எண்ணெய் வாடையோடு அதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இதே பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு: ஜனவரியில் காலை பத்துக்கு முன் பறக்கலாம் என்று நம்பி லீவு எடுக்காதீர்கள். பதினோரு டிகிரிக்கு எதையும் அடைக்கத் தேவையில்லை, பொறுமையாக ஓடவிட்டால் போதும். அப்படியே யாராவது அடைத்தாலும், எடுத்தாயிற்றா என்று இறங்கிப் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். அவசரம் என்று தோன்றினால் இரண்டு முறை பாருங்கள்.

திரும்பும் கார் 390 ரூபாய். திங்கட்கிழமை மறுபடி வங்கிக் கவுண்ட்டர். குல்லா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது அங்கே போயாக வேண்டும்.