பூஜ்யத்தை அழித்த புஷ்பவள்ளி

புஷ்பவள்ளி ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பால்மரம் சீவியவர். அதே தோட்டத்தில் அவரையும் சேர்த்து ஆட்களை வேலை வாங்கும் மாண்டோராக இருந்தவர் அவர் கணவர் முருகையா. நாலு வருஷமாக அவருக்கு மறதி நோய். தினமும் விடியுமுன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு எடுப்பார், அந்தக் கால ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இருபத்து மூன்று பேர். பாதிப் பேர் உயிரோடு இல்லை. எல்லாருக்கும் புஷ்பவள்ளிதான் "இருக்கேன்" சொல்ல வேண்டும். ஒரு பேருக்குப் பதில் வராவிட்டாலும் ஆளைத் தேடிப் பெரிய ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

மம்பாவில் ஒரு சங்கம், இப்படிப்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள நிலையம் திறந்தது. நர்ஸ் திலகா ரந்தாவ் மண்டபத்துக்கு வந்து, வீட்டில் பார்த்துக்கொள்பவர்களிடம் நிரப்பித் தரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். தூங்குகிறீர்களா, அழுகிறீர்களா, உடம்பு தாங்குகிறதா என்று இருபது கேள்விகள். சிரமம் இல்லையென்றால் பூஜ்யம். எந்நேரமும் சிரமமென்றால் நாலு. அதிக எண் வாங்கும் ஆறு பேர் ஓர் ஊரில் இருந்தால் அங்கே வேன் வரும்.

புஷ்பவள்ளி இருபது பூஜ்யம் போட்டார். அவர் மட்டுமா? ரந்தாவில் வந்திருந்த பதினோரு பேரும் அதையேதான் செய்தார்கள். ஆபீஸ் தாள் என்றால் குறையில்லை என்று எழுதித்தான் தோட்டத்து ஜனங்களுக்குப் பழக்கம். குறை சொன்னவன் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டியிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள். இன்னோர் ஊரான அம்பாங்கானில் உள்ளதை எழுதினார்கள். வேன் அங்கே போனது.

புஷ்பவள்ளிக்குக் கடிதம் வந்தது: தங்கள் நலம் மிக நன்று, வாழ்த்துகள். அன்று காலைதான் முருகையாவை லாரிக்கு முன்னாலிருந்து இழுத்து வந்து, முழங்கைத் தோல் உரிந்து உட்கார்ந்திருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கணவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மம்பாவில் நர்ஸ் திலகாவைப் போய்ப் பார்த்தார்.

"மிஸ்ஸி, நான் பொய் எழுதிட்டேன். வேற தாளு குடுங்க."

"ஏன் ஆன்ட்டி அப்படி எழுதுனீங்க?"

"நல்லாருக்கியான்னு கேட்டீங்க. நல்லாருக்கேன்னுதானே சொல்லணும்?"

திலகா சிரிக்கவில்லை. தாளை மாற்றிக் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றார். ஒரு ஆளுக்காக வேன் வராது, ஆறு பேர் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. புஷ்பவள்ளி பதினோரு தாள் வாங்கி வந்தார்.

மூன்று நாள் வீடு வீடாக ஏறினார், பக்கத்தில் முருகையாவோடு. முரண்டு பிடித்தவர் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மா.

"மாமியார பாரம்னு எழுதுனா ஊரு என்னடி பேசும்?"

"ஊரு வந்து ஒரு நாளு குளிப்பாட்டி விடட்டும்க்கா. அப்புறம் பேசட்டும்."

செல்லம்மா தாளை வாங்கினார். ஏழாவது கேள்வியில் அழுதார். அழுதுகொண்டே நாலு போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது தாள் போய்ச் சேர்ந்தது. புஷ்பவள்ளியின் எண் எண்பதுக்கு அறுபத்தொன்று. ஆறு பேர் கேட்ட இடத்தில் ஒன்பது பேர். சங்கம் வேனை அனுப்பியது, வாரம் மூன்று நாள். இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் திலகா தாளைக் கொடுப்பதற்கு முன், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார். நலத்தை அளக்கிறவர்களுக்கு ரந்தாவ் பெண்கள் கற்றுக்கொடுத்தது அது.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். புஷ்பவள்ளிக்கு முப்பத்து நாலு. இந்தத் தடவை பொய் இல்லை.

வேன் வந்த முதல் நாளை அந்த வரிசை வீடுகள் இன்னும் பேசும். முருகையா ஜன்னலோரம் உட்கார்ந்து பெரட்டு எடுத்தார். கூட ஏறிய கிழடுகள் ஆளுக்கொரு "இருக்கேன்" சொல்லிச் சமாளித்தார்கள். கடைசிப் பேருக்கு வண்டிக்குள் பதில் இல்லை.

"புஷ்பவள்ளி!"

கீழே நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு லீவு, மாண்டோரே."

முருகையா ஜன்னல் வழியே அவரை மேலும் கீழும் பார்த்தார். மாண்டோர் அனுமதித்தால்தான் லீவு.

"சரி, போ."

வேன் கிளம்பியது. புஷ்பவள்ளி உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தார்.