நெடுவட்டையில் தங்கிய பஸ்

இலங்கையில் டீசலுக்கு நாள்கணக்கில் நின்ற வரிசைகள் ஓய்ந்து ஒரு வருடமாகியும் கல்முனையிலிருந்து நெடுவட்டைக்குப் போகும் மாலை பஸ்ஸுக்கு ஆள் சேரவில்லை. வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தமிழ்க் கிராமத்திலிருந்து காலையில் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள் ஊர் திரும்ப வேறு பஸ்ஸும் கிடையாது. பதினெட்டு வருடமாக அந்தப் பாதையில் பஸ் ஓட்டியவர் சாய்ந்தமருது ஊர்க்காரர் காலிதீன். பஸ்ஸின் சொந்தக்காரி ஆசியா உம்மா ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, போகக்குள்ள பத்துப் பேர். வரக்குள்ள வெறும் சீட்டு. அடுத்த மாசத்தோட அந்த ஓட்டத்த நிப்பாட்டுவம்."

"ஒருக்கா நீங்களே ஏறி வந்து பாருங்க உம்மா," என்றார் காலிதீன்.

மறுநாள் ஆசியா உம்மா ஏறினார். பக்கத்தில் துஷாந்தினி என்ற மாணவி, உயர்தர வகுப்பு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த பஸ் நிண்டா என்ன செய்வாய் மகள்?"

"படிப்ப விட்டுருவன்."

யோசிக்காமல் வந்த அந்தப் பதில் ஆசியா உம்மாவை என்னவோ செய்தது. நெடுவட்டையில் எல்லாரும் இறங்கியதும் காலிதீன் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"வெறும் பஸ்ஸா திரும்பி வாறதுதான் நட்டம். ராவைக்கு இஞ்சயே நிக்கட்டும். விடிய வெளிக்கிட்டா கிளினிக்குப் போற ஆக்கள் ஏறுவாங்க, தயிர்ச்சட்டியும் சந்தைக்குப் போகும்."

"நீ எங்க படுப்பாய்?"

இறங்கி நின்ற விவசாயி வேலப்போடி முந்திக்கொண்டார். "எங்கட வளவில படுக்கலாம். தம்பி தொழுறதுக்கும் ஒரு அறை ஒதுக்கித் தாறன்."

இரவில் வீட்டுக்கு வரமாட்டார் என்றதும் காலிதீனின் மனைவி சுஹறா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாரனையும் தொழுகைப் பாயையும் பையில் வைத்துக் கொடுத்தாள். "வியாழன் ராவைக்கு மட்டும் பஸ்ஸோட திரும்பி வந்திரணும். வெள்ளிக்கிழம வீட்டிலதான்."

முதல் காலை ஏறியவர்கள் ஆறு பேர். போதாததற்கு மழைச் சேற்றில் சக்கரம் புதைந்தது. வயலுக்குப் போனவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். இரண்டாம் மாதம் ஆட்கள் நின்றுகொண்டு போனார்கள். மாலை ஓட்டத்தை நிறுத்தும் பேச்சை ஆசியா உம்மா அதன்பிறகு எடுக்கவேயில்லை.

துஷாந்தினி இப்போது மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். போன மாதம் சுஹறாவும் அந்த பஸ்ஸில் ஏறி நெடுவட்டைக்குப் போனாள். கணவன் படுக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்தவள், வேலப்போடியின் மனைவியோடு அடுப்படியில் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினாள். மறுநாள் விடிய பஸ் புறப்படும் நேரத்திலும் அந்தக் கதை முடியவில்லை; அவளைக் கூப்பிட காலிதீன் ஹோர்னை மூன்றுதரம் அடிக்க வேண்டியிருந்தது.