ஆலாக்கள் மேலே பறந்த பந்தல்

பெர்னடெட்டைப் பலருக்கும் தொண்ணூறுக்குப் பிறகுதான் தெரியும். மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், திரிக்குப் பின்னால் முத்துச்சிப்பி ஓட்டை நிறுத்தி, ஒரு சின்ன விளக்கில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் என்பார்கள். அது சரிதான். ஆனால் அவள் எப்பேர்ப்பட்டவள் என்று நான் கண்டது அதற்கு ஆறு வருடம் முந்தி, கோண்டாவிலில் ஒரு கல்யாண வீட்டில். அதைச் சொல்வதென்றால் என் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். பரவாயில்லை, இந்த வயதில் இனி என்ன வெட்கம்!

என் பெயர் பரமலிங்கம். நல்லூரில் ஒலிபெருக்கியும் மின்விளக்கும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். பெர்னடெட் குருநகரில் கடற்தொழில் செய்த யாகப்புவின் மூத்த மகள். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து, பன்னாடை, சிப்பி, கடல்விசிறி, காய்ந்த பாளை என்று நிலத்திலும் கடலிலும் கிடைப்பதை வைத்து விளக்குக்கூடு செய்து கொழும்பில் விற்றுக்கொண்டிருந்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த அறையை எரித்துவிட்டார்கள். காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கியபோது அவளிடம் மிஞ்சியிருந்தது உடுத்த சீலையும் ஒரு குறடும்தான்.

ஒரு நாள் வயர் கேட்டுக் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கூடு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"உதென்ன கோதாரி பிள்ளை! தென்னையிலை கிடக்கிற பன்னாடையைப் பிடுங்கி பல்பிலை கொழுவி வைச்சிருக்கிறாய்?"

"ஸ்விச்சைப் போடுங்கோ பரமண்ணை. பிறகு ஆறுதலாச் சிரிக்கலாம்."

போட்டேன். பன்னாடையின் இழைகள் ஒவ்வொன்றும் என் கடைச் சுவரில் வந்து படுத்தன. இருபது வருடமாகப் பல்பு விற்றவன் நான், வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் வாயால் சொல்லவில்லை. "ம், பரவாயில்லை" என்றேன். அதுதான் என் குணம்.

அதைக் கடையிலே தொங்கவிட்டோம். ஆறு மாதமாக ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் கோண்டாவில் ஏரம்பர், புகையிலைத் தோட்டக்காரர், தன் மகள் குணலட்சுமியின் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி பேச வந்தவர், அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பந்தலுக்கு இருபத்து நாலு விளக்கு இவள் செய்யட்டும் என்றார்.

"அண்ணை, இது சரிவந்தா நாலு சனம் தேடி வரும்," என்றாள் பெர்னடெட். "சரிவராட்டி இறால் கொம்பனியிலை உரிக்கப் போக வேண்டியதுதான். அப்பு வேலைக்குச் சொல்லி வைச்சிட்டார்."

பதினைந்து நாள் மாய்ந்து மாய்ந்து செய்தாள். குருநகர்க் கரையில் விடியற்காலையில் ஆலாக்கள், அந்த வெள்ளைக் கடற்பறவைகள், மீனுக்குப் பாயும். அதையே குருத்தோலையில் மடித்தாள். ஒவ்வொரு கூட்டிலும் பல்பைச் சுற்றி ஒரு கூட்டம் ஆலா, தலைகீழாகக் கடலுக்குப் பாய்கிற மாதிரி. கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் ஏணியில் ஏறி இருபத்து நாலையும் கட்டி முடித்தேன். கட்டும்போது வயரைப் பார்த்தேன், ஹோல்டரைப் பார்த்தேன், அந்தப் பாழாய்ப்போன குருவிகளை மட்டும் பார்க்கவில்லை.

பெண்ணின் தாய் பூரணம் அக்கா பலகாரத் தட்டோடு பந்தலுக்குள் வந்தார். அண்ணாந்தார். தட்டை அப்படியே கீழே வைத்தார்.

"ஐயோ, ஆர் உதைக் கட்டினது? குருவி எல்லாம் கீழை பாக்குது! கலியாண வீடோ செத்த வீடோ?"

சைவர் வீட்டு நல்ல காரியத்துக்குக் குருத்தோலைக் குருவி மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் அது இழவு வீட்டுத் தோரணம். பெர்னடெட் வேதக்காரி, குருத்து ஞாயிறுக்கு மாதா கோவிலில் ஓலை மடித்துப் பழகியவள், அங்கே அந்தக் கணக்கில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருநீறு பூசிக்கொண்டு ஏணியில் நின்றவன் நான். ஆனாலும் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. அவள்தான் முன்னுக்கு வந்தாள்.

"என்ரை பிழை அம்மா. எனக்குத் தெரியேல்லை."

கூடிநின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "கண்டறியாத விளக்கு" என்றாள் ஒருத்தி. "அவளின்ரை கை ராசி அப்பிடி" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பேச்சு ஊருக்குள் போனால் பிறகு யார் அவளைக் கூப்பிடுவார்கள்? பூரணம் அக்கா எல்லாவற்றையும் அறுத்து எறியச் சொன்னார்.

"அம்மா, ஒரு மணித்தியாலம் தாங்கோ," என்றாள் பெர்னடெட். "பிறகு நானே அறுத்து எறியிறன்."

பந்தலின் நடுவில் நிலத்தில் குந்தியிருந்து மேலே பார்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒரு கூட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, வாய் மேலே பார்க்க மூன்று நூலில் ஏந்தினாள்.

"விசர் பிள்ளை, வெளிச்சம் முழுக்கக் கூரைக்கெல்லோ போகும்! கீழை ஆர் முகத்தை ஆர் பாக்கிறது?" என்று கத்தினேன்.

"கூரையிலை வெள்ளை கட்டியிருக்குதண்ணை. போட்டுப் பாப்பம்."

நான் ஏணியில் ஏறினேன். இருபத்து நாலையும் திருப்பிக் கட்டி ஸ்விச்சைப் போட்டபோது, வெள்ளைத்துணி முழுவதும் வெளிச்சத்தை வாங்கி மெதுவாகக் கீழே விட்டது. யார் முகத்திலும் நிழல் விழவில்லை. ஆலாக்கள் எல்லாம் தலையைத் தூக்கி எழும்பிப் பறந்தன. என்ன மூளையடா இவளுக்கு! முதலில் செய்ததைவிட இதுதான் வடிவு.

பூரணம் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இருக்கட்டும். காலமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொல்லட்டும், அப்ப இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகூர்த்தம் விடிய ஐந்து மணிக்கு. கரவெட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா சிவக்கொழுந்து, குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே கண்ணாடி போட்டவர், பந்தலுக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து நின்றார்.

"குருவியள் விடியக் கிளம்பிற மாதிரியெல்லோ இருக்கு," என்றார் சிவக்கொழுந்து. "ஆர் செய்தது?"

பெர்னடெட் செய்தது என்று சொன்னேன். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பூரணம் அக்காவிடம் போய், "நேற்றுக் கட்டினது நான்தான் அக்கா. தெரிஞ்சிருக்க வேண்டியவனும் நான்தான்" என்றேன்.

"ஏணியிலை நிண்டது ஆரெண்டு எனக்குக் கண் தெரியாதோ? எப்ப வாய் திறப்பாய் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்று சொல்லிவிட்டு, அவர் விறுவிறுவென்று வெளியே போனார். பெர்னடெட் வாசல் படலைக்கு வெளியே தனியாக நின்றாள்.

"இஞ்சை என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நான் உள்ளை வந்தா ஆரும் ஏதும் சொல்லுவினம் அம்மா."

"பெத்தவள் நான் கூப்பிடுறன், ஆர் என்ன சொல்லிறது? வா, வந்து என்ரை பிள்ளைக்கு அறுகரிசி போடு."

கையைப் பிடித்துச் சபை பார்க்க மணவறைக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் கை ராசி சொன்னவள் விலகி வழிவிட்டாள். பெர்னடெட் அறுகம்புல்லும் அரிசியும் அள்ளி வாழ்த்தித் தூவினாள். குணலட்சுமி தலையை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒண்டை எனக்குத் தாங்கோ. கரவெட்டிக்குக் கொண்டு போக."

பெர்னடெட் பெண்ணின் தாயைப் பார்த்தாள்.

"ஒண்டென்ன ஒண்டு," என்றார் பூரணம் அக்கா. "சோடியாக் கொண்டு போ."

பெர்னடெட் அங்கேயே நின்று அழுதாள். கரவெட்டியில் அந்தச் சோடியைப் பார்த்தவர்கள்தான் முதலில் தேடி வந்தார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை அவள் கைக்கு ஓய்வே இருக்கவில்லை.