ஒழுகவில்லை என்று சொன்ன வீடு

பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்க்க அரசு பணம் தருகிறது. யாருக்குத் தரலாம் என்று முதலில் ஒருமுறை, தந்த பிறகு வேலை ஒழுங்காக நடந்ததா என்று இன்னொருமுறை, வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத ஆள் வேண்டும். அதற்குத் தற்காலிகமாக எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கோட்டையூரில் டவுன் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவேன். எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம். இரண்டும் அந்த வேலைக்கு ஆகாது.

இன்ன தேதியில் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்று ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதுதான் வினை. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இருக்க மாட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வெடிப்பின் மேல் காலண்டர் மாட்டுவார்கள், பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போடுவார்கள். டாக்டரிடம் போகிறவர் பவுடர் பூசிக்கொண்டு போவதைப் போலத்தான். நான் சேதத்தைப் பார்க்க வந்தவள், அவர்களுக்கு நான் விருந்தாளி.

புதுவயலில் ஓர் அக்கா வீட்டிலும் அப்படித்தான். ரைஸ்மில் களத்தில் நெல் காயப்போடும் வேலை அவருக்கு. கணவர் இறந்து நாலு வருஷம். அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். வாசலில் பெரிய கோலம். உள்ளே, கூரைக்குக் கீழே, விசேஷ வீட்டைப் போல வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியிருந்தார். ஓடே கண்ணில் படவில்லை.

கூரை ஒழுகுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று காபியை நீட்டினார். வெயிலில் அது எனக்குப் பதினோராவது வீடு. அந்த வேட்டியை ஒரு கையால் விலக்கிப் பார்த்திருக்கலாம். நல்லா இருக்கிறவர்கள் எதற்கு மனு போடுகிறார்கள் என்று எரிச்சல்பட்டு, 'நன்று' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்தேன்.

பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. விடுபட்டவர்கள் பத்து நாளைக்குள் வீட்டின் சேதத்தைத் தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மறுபடி பார்ப்பார்கள். அவர் தரவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் நல்ல மழை பிடித்தது. அந்த வேட்டி என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே அண்டா, குண்டான், சட்டி என்று ஏழெட்டுப் பாத்திரம். வேட்டியின் நடுவில் தண்ணீர் தொங்கிச் சொட்டியது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் ஒரு சட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவுக மில்லுல மூட்டை தூக்கி, ஒவ்வொரு ஓடா வாங்கியாந்து, தன் கையாலயே வேஞ்ச வீடு தாயி. அது சரியில்லன்னு என் வாயால எப்படிச் சொல்றது? கேக்க அவுக இல்லாதப்ப."

இத்தனை வீடு பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டைக்கூட யார் கட்டியது என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதி வாசித்துக் காட்டினேன். "என் கணவர் கட்டிய இந்த வீடு இருபத்தைந்து மழைக்காலம் எங்களை நனையாமல் காத்தது. இப்போது ஓட்டுக்கு வயதாகிவிட்டது." இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆபீஸில் என் மேலதிகாரி படித்துவிட்டு, இது மனுவா கடுதாசியா என்று கேட்டார். இரண்டும்தான், முதலில் தப்பாக டிக் அடித்தவள் நான், திருத்தியதையும் நானே எழுதினேன் என்றேன். அவர் அதைக் கோப்பில் சேர்த்தார். திருத்திய பட்டியலில் அக்கா பெயர் வந்தது.

தை பிறந்து வேலை முடிந்ததும் இரண்டாம் மதிப்பீட்டுக்கு நான்தான் போனேன். முதல் நாளே சொல்லியும் அனுப்பியிருந்தேன். வாசலில் நாலு புள்ளிக் கோலம். காலையில் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. களத்துத் தூசி படிந்த சேலையோடு அக்கா அப்போதுதான் வந்தார். கூரையின் கீழே துணி எதுவும் இல்லை, புது ஓடு சிவப்பாகத் தெரிந்தது. வேலை திருப்தியா என்று படிவத்தில் இருந்ததைக் கேட்டேன்.

என் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனார்.

"இங்குட்டுப் பாரு, மூலையில சாரல் இறங்குது. ரெண்டு ஓடு சரியா உக்காரல. நல்லா எழுதிக்க. இது ஒண்ணும் அவுக வேஞ்சது இல்லயே."