கெட்டிலின் சாட்சி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் உமையாள் ஆச்சி காலையில் காப்பி குடிக்காமல் இருந்ததில்லை. மகன் ஆனந்துக்குப் பெர்த்தில் எரிவாயு ஆலையில் வேலை. எந்த இயந்திரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் தொழில். போன தீபாவளிக்கு வந்தவன் அம்மாவுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். காப்பிக்கு வெந்நீர் வைக்கும் மின்கெட்டிலைச் சொருகும் இடத்தில் ஒரு சின்னக் கருவி, குளியலறைக் கதவில் ஒன்று, நாற்காலியில் ஒன்று.

"மூணும் சாட்சி மாதிரிம்மா. நீங்க நல்லா இருக்கீங்கன்னு முதல்ல ஒரு நம்பிக்கை வச்சிருக்கேன். சாட்சி சொல்லச் சொல்ல அது ஏறும், இறங்கும். ரொம்ப இறங்கினா எனக்கு மெசேஜ் வரும். கூப்பிடுவேன்."

"சாட்சி பொய் சொன்னா?"

"அடுத்த தடவை அத கொஞ்சம் கம்மியா நம்பும். ஆனா உங்க கெட்டில் பொய் சொல்லாதும்மா."

அவன் போனதும் வீடு அடங்கிப்போனது. ஒருநாள் காப்பித்தூள் தீர்ந்து கெட்டில் போடவில்லை. உடனே போன் அடித்தது. "அம்மா, என்னாச்சு?" என்று பதறியவன், காப்பித்தூளில் தொடங்கி ஆபீஸ் சண்டை வரைக்கும் பேசினான்.

ஆச்சிக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. மனசு கனக்கும் நாளெல்லாம் கெட்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். போன் அடிக்கும். "மறந்துட்டேன்பா" என்பாள்.

கீழ்வீட்டு சீதாலெட்சுமியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "என் மவன் இதோ பக்கத்துல கிள்ளான்லதான் இருக்கான் ஆச்சி. என் கெட்டில் வெடிச்சாக்கூட கூப்பிட மாட்டான் லா!"

போகப் போக அழைப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. அவனுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று ஆச்சி நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை, குளித்துவிட்டு வெளியே வந்தவள் தலை சுற்றிக் கூடத்தில் விழுந்தாள். எழ முடியவில்லை. போன் மேசைமேல் இருந்தது. கெட்டில் போடவில்லையே, இதோ கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெளியே மோனோரயில் போவதும் வருவதுமாக இருந்தது. வெயில் பாதிக் கூடத்தைத் தாண்டிய பிறகு, நாற்காலியைப் பிடித்துத் தானே எழுந்து அவனைக் கூப்பிட்டாள்.

"விழுந்துட்டேன்பா. கெட்டில் போடலையே, நீ கூப்பிடலையே."

அடிபட்டதா என்று பதறிக் கேட்டுவிட்டு, அவன் கருவிகளின் பதிவைத் திறந்து பார்த்தான். "கதவு திறந்துச்சு, அதனால நடமாடுறீங்கன்னு எடுத்துக்கிச்சும்மா. கெட்டில்தான் அடிக்கடி சும்மா இருக்குதே, அதோட பேச்சு எடுபடல. பழச அழிச்சிட்டு முதல்லேருந்து தொடங்கவா?"

அழித்தால், கெட்டிலைத் தொடாமல் இருந்து நாளைக்கே போன் அடிக்க வைத்துவிடலாம். அப்படிச் செய்யாமல் தன்னால் இருக்க முடியாது என்று ஆச்சிக்குத் தெரியும்.

"வேணாம்பா. அதுவே மறுபடி நம்பட்டும்."

"ஏம்மா இப்படி மறக்குறீங்க? டாக்டர்கிட்ட காட்டுங்க."

மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "வயசாச்சுல்ல" என்றாள்.

இப்போதெல்லாம் விடிந்ததும் கெட்டில் கொதிக்கிறது. பெர்த்தில் அவன் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுமாயிருக்கும். எல்லாம் சரியாக இருப்பதால் போன் அடிப்பதில்லை. ஆச்சி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பியை ஆற்றுகிறாள்.