மடிப்பில் வெட்டிய துண்டு

புதுத் துணியை மூக்கருகே கொண்டுபோனால், கஞ்சியும் சாயமும் கலந்து லேசாகத் தும்மல் வரவைக்கிற ஒரு வாசம் வருமே, எனக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை அந்த வாசம் எங்கள் வீட்டில் சாந்தி அக்காவின் மேலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்தது. அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்குச் சின்னதாகிப்போன சட்டையும் பாவாடையும் தகரப் பெட்டிக்குள் போய், நான் அந்த அளவுக்கு வளரும்வரை காத்துக்கிடந்து, பிறகு என் உடம்புக்கு வரும். அவள் மேல் கடைவாசம், என் மேல் பாச்சா உருண்டை வாசம். தீபாவளிக்கு அவளை ஒட்டி உட்கார்ந்து அவள் தோளை மோந்து பார்ப்பேன். "என்னட்டி நாய்க்குட்டி மாதிரி" என்று தள்ளிவிடுவாள். எனக்கு அவள் மேல் இருந்தது பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதையும் அதற்கு வைக்க விரும்பவில்லை.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருஷம், அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக அம்மா ஒரு போர்வை தைக்கத் தொடங்கினாள். அதைப் போர்வை என்று நாங்கள் சொன்னதில்லை. எங்கள் தெருவில், எதிர்வீட்டில் இருந்த தெலுங்கு பேசும் சரோஜா அத்தை, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் கனத்த விரிப்பை 'பொந்த' என்று சொல்லுவார். எங்களுக்கும் அது 'பொந்த' ஆகிவிட்டது. மேலே எங்கள் பழைய சட்டை, பாவாடைகளிலிருந்து வெட்டிய சதுரங்கள், இடையிடையே தெருமுனைத் தையல்கடையில் கிடைத்த 'வெட்டுத்துணி', அடியில் அம்மாவின் பழைய நூல்சேலை. நடுவில் திணிப்பது எங்கள் ஊரான ராஜபாளையத்துக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்தது. அம்மா பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே ஓரம் வெட்டிக் கழித்த வலைத்துணியை வாங்கிவந்து நாலைந்து அடுக்காகப் பரப்பிவிடுவாள். காயத்துக்குப் போகவேண்டிய துணி எங்கள் பொந்தைக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டபிறகு முன்னறையில் துணிகளைப் பரப்பி அம்மா உட்காருவாள். அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுப்பாள். கொடுக்கும்போது சும்மா கொடுக்கமாட்டாள்.

"எம்மா, இது நான் மூணாப்பு படிக்கையில போட்ட சட்டை. இது நான் ஆண்டுவிழாவுல ஆடுன பாவாடை."

"ஆமா, அம்புட்டு அழகா இருந்த அன்னைக்கு" என்பாள் அம்மா.

"அதெல்லாம் நானும் போட்டேன்" என்பேன் நான்.

"நீ பொறவுல்லா போட்ட" என்று அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவாள்.

அவள் என்னைச் சீண்டச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. அந்தத் துணிகளில் பாதிக்கு மேல் கிழிந்தது என் உடம்பில். முழங்கையில் நைந்ததும், வேலிமுள்ளில் மாட்டியதும், மைக்கறை பட்டதும் நான் போட்டிருந்தபோதுதான். ஆனால் பொந்தையில் அவை எல்லாமே 'சாந்தி சட்டை', 'சாந்தி பாவாடை'. நாற்பத்தெட்டுச் சதுரத்தையும் நான் தேடிப் பார்த்துவிட்டேன், என் பெயரில் 'மல்லிகா துண்டு' என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. மதுரைக்குப் போய் அக்கா அதை விரித்துப் படுத்து, கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு துண்டாகக் கதை சொல்லுவாள். அந்தக் கதை எதிலும் இப்படி ஒரு தங்கச்சி இருந்தாள் என்பதே வராது.

பட்டாளத்தில் இருந்த அப்பா அந்த ஆடிக்கு விடுப்பில் வந்தார். ஆடிப்பூரத் தேர் பார்க்க எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனவர், ரத வீதியில் கூட்டம் குறைந்ததும் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தார். அக்காவுக்கு முதல் சேலை எடுத்தார்கள். சேலை என்றைக்குச் சின்னதாகி என்னிடம் வரும்? அப்பாவுக்கே அது தோன்றியிருக்க வேண்டும். "சின்னவளுக்கும் ஒண்ணு எடு" என்றார். அப்படித்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று ஒரு புதுத்துணி வந்தது, நல்ல அரக்குச் சிவப்பில் பாவாடைத் துணி. பஸ்ஸில் வரும்போது பொட்டலத்தைப் பிரித்து மோந்துகொண்டே வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

தையல்காரர் பாவாடையின் கீழ்ப்பக்கம் உள்ளே ஒரு 'டக்' பிடித்துத் தைத்திருந்தார். அந்தக் காலத்தில் வளரும் பிள்ளைகளின் பாவாடை எல்லாமே அப்படித்தான். நாலு விரல் அகலத் துணியை உள்ளுக்குள் மடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள். பிள்ளை வளர வளர அதைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் தெரியாது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. மடிப்பு உள்ளேதானே இருக்கிறது, அதில் ஒரு சாண் வெட்டினால் பாவாடைக்கு என்ன ஆகிவிடும்?

அம்மா வேலைக்கும், அக்கா ஹாஸ்டல் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கவும் போயிருந்த ஒரு காலையில், பின்பக்கத்து மடிப்பைக் கத்தரியால் வெட்டினேன். விரித்தால் என் கையளவுக்கு ஒரு துண்டு. பொந்தை அநேகமாக முடிந்திருந்தது. ஒரு மூலையில், அக்காவின் மூன்றாம் வகுப்புச் சட்டைத் துண்டின் மேலேயே என் துண்டை வைத்து, அதை முழுக்க மூடித் தைத்தேன். அம்மாவின் தையல் வரிசை பிடித்துப் போகும். என்னுடையது வழிதெரியாத எறும்பு மாதிரி கோணிக்கொண்டு போனது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த வேலையும் செய்ததில்லை. மூலையை உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டேன்.

அக்கா புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, வலைத்துணியின் பஞ்சுத்தூசி போகட்டும் என்று அம்மா பொந்தையை அண்டாவில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தாள். செத்த நேரத்தில் அக்கா கத்தினாள்.

"எம்மா, ஓடியா! தண்ணியெல்லாம் செவப்பாக் கெடக்கு!"

அம்மா பொந்தையைத் தூக்கினாள். வெள்ளை, மஞ்சள், இளநீலம் எல்லாவற்றிலும் சிவப்பு திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. "பழந்துணியில ஏதுட்டி சாயம்? வெட்டுத்துணியையும் அலசித்தான தச்சேன்?" என்றாள். பழைய துணி எத்தனையோ வெளுப்பில் சாயத்தை விட்டு முடித்திருக்கும்; புதுத்துணியைத்தான் தனியாக ஊறவைத்து அலச வேண்டும். எனக்குத்தான் அது தெரியாது, புதுத்துணி எனக்கு என்றைக்கு வந்தது? அம்மா மூலை மூலையாகத் தடவிக்கொண்டே வந்து என் துண்டில் நின்றாள். பிறகு உள்ளே போய் என் பாவாடையை எடுத்துவந்து கீழ்மடிப்பைப் புரட்டினாள்.

அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"ஏட்டி, இது நீ வளரதுக்கு வச்ச துணில்லா? இதப் போயி வெட்டிட்டியே" என்றாள். அழுகிற குரல் அது.

"எனக்கு இது வேண்டாம், அவளே வச்சுக்கிடட்டும்" என்று அக்கா அண்டாவைக் காலால் தள்ளினாள். தன் மூன்றாம் வகுப்புச் சட்டையை நான் மூடிவிட்டேன் என்பதுதான் அவளுக்குச் சாயத்தைவிடப் பெரிய ஆத்திரம்.

அப்பா சமாதானத்துக்காகக் கடைக்குப் போய் அவளுக்குப் புலிப்படம் போட்ட புதுக் கம்பளி ஒன்று வாங்கிவந்தார். பொந்தை என்னிடம் வந்தது. நான் ஆசைப்பட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, மகிழ்ந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் அக்கா கம்பளியைப் பிரித்ததும் அந்த வாசம் வந்தது, தும்மல் வரவைக்கிற அதே வாசம். எனக்கு உடனே அந்தப் புலி மேல் பொறாமை வந்துவிட்டது. அடுத்த ஆடிக்குள் நான் மளமளவென்று வளர்ந்தேன். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியது. பின்பக்கம் ஒரு சாண் இல்லாத மடிப்பைப் பிரித்து இறக்க வழியில்லை.

அக்கா படித்து, நர்சாகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். நான் ராஜபாளையத்திலேயே இருந்துவிட்டேன். வேலை அவளுக்கு முதலில், வீடு அவளுக்கு முதலில், போன மாதம் பேத்தியும் அவளுக்குத்தான் முதலில். போனில் கூப்பிட்டுச் சொன்னவள், "அந்தப் பொந்த இருக்காட்டி? பிள்ளைக்குக் கீழ விரிக்க மெத்துன்னு இருக்கும்" என்றாள்.

"எலி கடிச்சிருச்சுக்கா" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

இரண்டு நாள் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பொந்தையை எடுத்துத் துவைத்து, பாச்சா உருண்டை வாசம் போக வெயிலில் போட்டு, டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். அக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல எலிதான், ஒரு துண்டக்கூடத் தொடல" என்றாள். பிள்ளைக்கு எடுத்த புதுச்சட்டைகள் கட்டில்மேல் குவிந்திருந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன், உள்ளே மடிப்பு இல்லை. இப்போது யாரும் வளர்வதற்கென்று துணி விடுவதில்லை. சின்னதானால் வேறு வாங்கிக்கொள்கிறார்கள். மடிப்பைப் பிரித்துவிட அம்மாவும் இல்லை.

அக்கா பிள்ளையைப் பொந்தையில் கிடத்தி, பழைய வழக்கப்படி ஆரம்பித்தாள். "இது ஆச்சி ஆண்டுவிழாவுல ஆடுன பாவாடை. இது ஆச்சி அஞ்சாப்புல போட்ட சட்டை." அப்படியே மூலைக்கு வந்தாள். மற்றத் துண்டுகளில் இன்னும் வெளிர்ச்சிவப்பு இருக்கிறது. கொடுத்ததெல்லாம் கொடுத்துவிட்டு என் துண்டுதான் இருப்பதிலேயே வெளுத்துக் கிடந்தது. அதைத் தொட்டு அக்கா சொன்னாள்: "இதுவும் ஆச்சி பாவாடதான்."

"எக்கா, அது என்னுது!" என்று கத்தினேன். ஐம்பது வயதில், அவள் மருமகன் முன்னால்.

"தெரியும்ட்டி. இன்னும் கேக்கியான்னு பாத்தேன்" என்றாள் அக்கா.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே, அந்த மூலையோரம் கிடந்த பிள்ளை காலை உதறிக்கொண்டு, சரியாக என் துண்டின் மேல் ஈரமாக்கியது. அத்தனை துண்டு இருக்க, தேர்ந்தெடுத்த மாதிரி முதலில் என் துண்டின் மேல். அக்கா சட்டென்று பிள்ளையைத் தூக்கித் துடைத்து, நடுவில், தன் அஞ்சாம் வகுப்புச் சட்டையின் மேல் கிடத்தினாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் கண்ணாடியில் தினமும் பார்த்தது.